தி கிளாஷ் (இசைக்குழு)

தி கிளாஷ் என்பது 1976 ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கப்பட்டு, 1986 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இயங்கிய ஆங்கிலேய ராக் இசைக்குழு ஆகும். இங்கிலாந்தில் பங்க் ராக் இசையை உருவாக்கிய முதல் தலைமுறைக் குழுக்களுள் இதுவும் ஒன்று. ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ் ஆகிய இருவரும் கிதார் வாசித்துப் பாடினர். பால் சிமனன் பேஸ் கிதாரும் டாப்பர் ஹெடன் டிரம்ஸும் வாசித்தனர். இந்நால்வரும் ஒன்றாக இருந்த 1977 முதல் 1982 வரையிலான ஆண்டுகளே குழுவின் சிறந்த காலமாகக் கருதப்படுகின்றன.

‘கிளாஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘மோதல்’ என்பது பொருள். நாளிதழ்த் தலைப்புகளில் அச்சொல் அடிக்கடி வருவதைக் கவனித்த சிமனன், அதையே குழுவின் பெயராக முன்மொழிந்தார். பெயருக்கேற்ப, குழுவின் வரலாறும் இரண்டு மோதல்களின் வரலாறாகவே அமைந்தது. ஒன்று, அன்றைய இங்கிலாந்தில் வளர்ந்துவந்த இனவெறியுடன் நிகழ்ந்தது. மற்றொன்று, தங்கள் பாடல்களை விற்ற இசைத்தட்டு நிறுவனத்துடன் நிகழ்ந்தது. எளியவர் பக்கம் நிற்பதாகச் சொல்லும் ஒரு குழு, பெரிய வணிக நிறுவனத்தில் ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னும் அச்சொல்லைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி இக்குழுவை இறுதிவரை தொடர்ந்தது.

காலப் பின்னணி

1970-களின் நடுப்பகுதியில் பிரித்தானியப் பொருளாதாரம் கடும் நெருக்கடியில் இருந்தது. விலைவாசி ஏறியது. வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது. 1976 ஆம் ஆண்டில் அந்நாடு பன்னாட்டு நாணய நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்கும் நிலை ஏற்பட்டது. பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வந்த இளைஞர்களுக்கு, அடுத்து என்ன என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

இதே காலத்தில் ‘நேஷனல் பிரண்ட்’ என்னும் தீவிர வலதுசாரிக் கட்சி, கரீபியன் தீவுகளிலிருந்தும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களே எல்லாத் துன்பங்களுக்கும் காரணம் என்று பரப்புரை செய்தது. அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் முழக்கம்.

ராக் இசையோ அந்நாளில் எளிய இளைஞர்களை விட்டு வெகுதொலைவு சென்றிருந்தது. நீண்ட பாடல்களும், விலையுயர்ந்த கருவிகளும், பெரிய அரங்குகளும், செல்வத்தில் மிதந்த நட்சத்திரங்களும் அதன் அடையாளங்கள் ஆகிவிட்டன. இதற்கு எதிர்வினையாகவே பங்க் தோன்றியது. பாடல் சிறியது, வேகம் மிகுதி, சுரக்கட்டுகள் மூன்றோ நான்கோ. நன்கு பயின்ற பிறகுதான் மேடையேற வேண்டும் என்ற கட்டாயமில்லை. யாரும் குழு தொடங்கலாம், யாரும் பாட்டு எழுதலாம் என்பதே பங்க் தந்த துணிவு. அமெரிக்காவில் ரமோன்ஸ் குழுவும் இங்கிலாந்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவும் இதன் முன்னோடிகள்.

உறுப்பினர்கள்

ஜோ ஸ்ட்ரம்மரின் இயற்பெயர் ஜான் கிரகாம் மெல்லர். பிரித்தானிய வெளியுறவுத் துறையில் பணியாற்றிய ஒருவரின் மகனாக 1952 ஆகஸ்ட் 21 அன்று துருக்கித் தலைநகர் அங்காராவில் பிறந்தார். விடுதியுடன் கூடிய பள்ளியில் படித்தார். இவருடைய அண்ணன் டேவிட், நேஷனல் பிரண்ட் கட்சியின்பால் ஈர்க்கப்பட்டிருந்தவர். 1970 இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பின்னாளில் ஸ்ட்ரம்மர் இலண்டன் சுரங்க இரயில் நிலையங்களில் பாடிக் காசு பெற்றார். கிதார் தந்திகளை ஒருசேரத் தட்டி வாசிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரம்’ என்று பெயர். தனித்தந்தி வாசிப்பு தனக்கு வராது என்பதைத் தானே கேலி செய்வதுபோல் இப்பெயரை அவர் வைத்துக்கொண்டார்.

மிக் ஜோன்ஸ் 1955 இல் பிறந்தவர். மேற்கு இலண்டனில் ‘வெஸ்ட்வே’ எனப்படும் மேம்பாலச் சாலையை நோக்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் பாட்டியுடன் வாழ்ந்தார். குழுவின் மெட்டுகளில் பெரும்பாலானவை இவருடையவை. பால் சிமனனும் 1955 இல் பிறந்தவரே. ஓவியக் கல்லூரி மாணவரான இவர், கரீபியன் மக்கள் மிகுந்த பிரிக்ஸ்டன் பகுதியில் ரெகே இசையைக் கேட்டு வளர்ந்தார். பேஸ் கிதார் வாசிக்கத் தெரியாமலேயே குழுவில் சேர்ந்த இவர், சுரங்களின் பெயர்களைக் கிதாரின் கழுத்துப் பகுதியில் எழுதிவைத்துக் கற்றுக்கொண்டார்.

தொடக்கத்தில் கீத் லெவீன் கிதாரும் டெர்ரி சைம்ஸ் டிரம்ஸும் வாசித்தனர். லெவீன் சில மாதங்களில் விலகினார். முதல் இசைத்தொகுப்பு பதிவான பின் சைம்ஸும் விலகினார். 1977 இல் டாப்பர் ஹெடன் அவரது இடத்திற்கு வந்தார். ஜாஸ், சோல், ரெகே என எந்த இசைக்கும் ஈடுகொடுத்து வாசிக்க வல்லவர் இவர். குழு பின்னாளில் பல இசைவகைகளுக்குள் துணிந்து நுழைந்ததற்கு இவரது வாசிப்பு ஒரு முதன்மைக் காரணம்.

தோற்றம்

1976 ஏப்ரல் 3 அன்று இலண்டன் நாஷ்வில் ரூம்ஸ் அரங்கில், ஸ்ட்ரம்மர் அப்போது பாடிவந்த ‘101-அர்ஸ்’ குழுவுக்கு முன்னதாகச் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு மேடையேறியது. அவர்கள் வாசித்ததைக் கேட்ட ஸ்ட்ரம்மர், தம் குழுவின் காலம் முடிந்துவிட்டது என்று உணர்ந்தார். சில வாரங்களில், ஜோன்ஸும் சிமனனும் மேலாளர் பெர்னார்ட் ரோட்ஸும் அழைக்க, புதிய குழுவில் இணைந்தார். காதலைப் பாடுவதை விட்டுவிட்டு, கண்முன் நடப்பதைப் பாடுமாறு ரோட்ஸ் வலியுறுத்தினார். குழுவின் முதல் நிகழ்ச்சி 1976 ஜூலை 4 அன்று செபீல்டு நகரில், செக்ஸ் பிஸ்டல்ஸ் நிகழ்ச்சியின் முன்பகுதியாக நடைபெற்றது.

நாட்டிங் ஹில் கலவரமும் முதல் பாடலும்

இலண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியன் மக்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியில் திருவிழா நடத்துவர். 1976 ஆகஸ்ட் 30 அன்று, அத்திருவிழாவில் பெருமளவில் குவிக்கப்பட்டிருந்த காவலர்களுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் இடையே கடும் மோதல் வெடித்தது. ஸ்ட்ரம்மரும் சிமனனும் அன்று அங்கே இருந்தனர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே ‘ஒயிட் ரயட்’ (வெள்ளையர் கலகம்) என்னும் பாடல். 1977 மார்ச்சில் இது குழுவின் முதல் தனிப்பாடல் தட்டாக வெளிவந்தது.

பாடலின் தலைப்பை மட்டும் பார்த்த சிலர், இது வெள்ளையின வெறியைத் தூண்டுவது என்று தவறாக எண்ணினர். பாடல் சொன்னதோ நேர்மாறானது. கறுப்பின மக்கள் தங்களுக்கு இழைக்கப்படும் அநீதியைத் தட்டிக் கேட்கிறார்கள், வெள்ளையின இளைஞர்களோ சொன்னதைக் கேட்டு அடங்கிக் கிடக்கிறார்கள் என்பதே ஸ்ட்ரம்மரின் ஆதங்கம். முதல் இசைத்தொகுப்பின் பின்னட்டையில், அத்திருவிழா நாளில் வெஸ்ட்வே பாலத்தின் அருகே காவலர்கள் பாய்ந்து செல்லும் ஒளிப்படம் இடம்பெற்றது.

ஒரு இலட்சம் பவுண்டு ஒப்பந்தம்

1977 சனவரியில் குழு சி.பி.எஸ். என்னும் பன்னாட்டு இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. முன்பணம் 1,00,000 பவுண்டு. அக்காலத்தில் பங்க் இரசிகர்கள் தாங்களே எழுதிப் படியெடுத்து விற்ற சிற்றிதழ்களில் ‘ஸ்னிப்பின் குளூ’ புகழ்பெற்றது. கிளாஷ் ஒப்பந்தமிட்ட நாளிலேயே பங்க் இறந்துவிட்டது என்று அதன் ஆசிரியர் மார்க் பெர்ரி கண்டித்தார்.

இத்தகைய முன்பணம் நன்கொடை அன்று. பின்னர் வரவேண்டிய உரிமத்தொகையில் நிறுவனம் கழித்துக்கொள்ளும் கடனே அது. ஆகவே தொகை பெரிதாகத் தோன்றினாலும், குழு பல ஆண்டுகள் நிறுவனத்துக்குக் கடன்பட்டே இருந்தது.

1977 ஏப்ரலில் ‘தி கிளாஷ்’ என்ற பெயரிலேயே முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. சில வார இறுதி நாட்களுக்குள் பதிவு செய்யப்பட்ட இத்தொகுப்பு, பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 12 ஆம் இடத்தைப் பிடித்தது. ஒலித்தரம் அமெரிக்க வானொலிகளுக்குப் பொருந்தாது என்று கருதிய அமெரிக்கக் கிளை நிறுவனம் இதை வெளியிடவில்லை. அங்குள்ள இரசிகர்கள் இறக்குமதித் தட்டுகளாகவே இதை வாங்கினர். அவ்வாறு விற்ற படிகள் மட்டுமே ஒரு இலட்சத்தைத் தாண்டின. 1979 இல்தான், சில பாடல்களை மாற்றி, அமெரிக்கப் பதிப்பு வெளிவந்தது.

குழுவைக் கேட்காமலேயே ‘ரிமோட் கன்ட்ரோல்’ பாடலை நிறுவனம் தனித் தட்டாக வெளியிட்டபோது முதல் பூசல் எழுந்தது. குழு அதற்குப் பாடலாலேயே விடையளித்தது. ‘கம்ப்ளீட் கன்ட்ரோல்’ (முழுக் கட்டுப்பாடு) என்னும் அப்பாடல், நிறுவனம் செய்ததை வெளிப்படையாகச் சாடியது. அதையும் அதே நிறுவனமே வெளியிட்டு விற்றது. எதிர்ப்பையும் சரக்காக்கிவிடும் வணிகத்தின் இயல்புக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பிபிசி தொலைக்காட்சியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் கலைஞர்கள் பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைப்பதே வழக்கம். நாட்டின் இளைஞர் பெரும்பாலோர் பார்த்த அந்நிகழ்ச்சியில் தோன்றக் குழு மறுத்துவிட்டது. சுற்றுப்பயணங்களின்போது, தங்க இடமில்லாத இரசிகர்களைத் தங்கள் விடுதி அறைகளிலேயே படுக்க வைத்துக்கொள்வதும் இவர்கள் வழக்கம்.

ரெகேயும் பங்கும்

ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையில் கிதார் தாளத்தின் எடுப்பில் விழாது, இரு தட்டுகளுக்கு இடைப்பட்ட வெளியில் விழும். பேஸ் கிதார் பின்னணியாக இல்லாமல் பாட்டின் முன்னே நடக்கும். வறுமையும் காவல்துறைக் கொடுமையும் விடுதலை வேட்கையும் அதன் பாடுபொருள்கள்.

இலண்டனின் ராக்சி அரங்கில் பங்க் நிகழ்ச்சிகளுக்கு இடையே இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தவர் டான் லெட்ஸ். ஜமைக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பங்க் இசைத்தட்டுகளே அப்போது அரிதாக இருந்ததால், அவர் ரெகே தட்டுகளைப் போட்டார். வெள்ளையின இளைஞர் கூட்டம் இவ்வாறு ரெகேக்குப் பழகியது.

கிளாஷ் குழு ஒரு படி மேலே சென்றது. ஜமைக்கப் பாடகர் ஜூனியர் மர்வினின் ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ பாடலைத் தங்கள் முதல் தொகுப்பிலேயே தங்கள் பாணியில் பாடியது. அப்பாடலின் ஆக்கத்தில் பங்குகொண்ட ஜமைக்க இசையமைப்பாளர் லீ பெர்ரி, பின்னர் ‘கம்ப்ளீட் கன்ட்ரோல்’ பதிவை மேற்பார்வையிட்டார். பாப் மார்லி 1977 இல் வெளியிட்ட ‘பங்கி ரெகே பார்ட்டி’ பாடலில் கிளாஷ் குழுவின் பெயரும் இடம்பெறுகிறது.

1978 இல் வெளிவந்த ‘ஒயிட் மேன் இன் ஹாமர்ஸ்மித் பாலே’ என்னும் பாடல், ரெகே நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்ற வெள்ளையரின் அனுபவத்தைச் சொல்வது. அவ்விடத்தில் தாம் அயலார் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒன்றுபட வேண்டிய தேவையையும், கலகத்தைக் காசாக்கும் புதிய குழுக்களின் போக்கையும் அது பேசுகிறது. பிறர் இசையை எடுத்தாள்பவர் காட்டவேண்டிய பணிவு இப்பாடலில் உண்டு.

இனவெறிக்கு எதிரான மேடைகள்

1976 ஆகஸ்டில் பர்மிங்காம் நகர மேடையில், புகழ்பெற்ற கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன், குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஏனோக் பவலை ஆதரித்துப் பேசினார். கறுப்பின மக்களின் புளூஸ் இசையால் உயர்ந்த ஒருவரே இவ்வாறு பேசியது பலரைக் கொதிக்க வைத்தது. அதன் விளைவாக ‘ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்’ (இனவெறிக்கு எதிராக ராக்) என்னும் இயக்கம் உருவானது.

1978 ஏப்ரல் 30 அன்று, இவ்வியக்கமும் நாஜி எதிர்ப்புக் கழகமும் இணைந்து, டிரபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு இலண்டனின் விக்டோரியா பூங்கா வரை பேரணி நடத்தின. பூங்காவில் நடந்த இசை நிகழ்ச்சியில் கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் குழு ஆகியவை பங்கேற்றன. பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்களுள் ஒருவரான பில்லி பிராக், தம்மை அரசியல் பாடகராக்கிய நாள் அதுவே என்று பின்னாளில் குறிப்பிட்டுள்ளார்.

இசை நிகழ்ச்சியால் மட்டும் இனவெறி அடங்கிவிடவில்லை. அப்பேரணி நடந்த நான்காம் நாள், மே 4 அன்று, அதே கிழக்கு இலண்டனில் அல்தாப் அலி என்னும் வங்காளதேச ஆடைத் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார்.

1979 ஏப்ரல் 23 அன்று, தெற்காசிய மக்கள் மிகுதியாக வாழும் சவுத்ஹால் பகுதியில் நேஷனல் பிரண்ட் கூட்டம் நடத்தியபோது எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. அதில் பங்கேற்ற பிளேர் பீச் என்னும் பள்ளி ஆசிரியர் தலையில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். காவலர் ஒருவரின் அடியே அவர் இறப்புக்குக் காரணமாக இருந்திருக்கும் என்ற காவல்துறையின் உள் அறிக்கை 2010 இல்தான் வெளியிடப்பட்டது. அப்போராட்டத்தில் கைதானோரின் வழக்குச் செலவுக்காக 1979 ஜூலையில் இலண்டன் ரெயின்போ அரங்கில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் கிளாஷ் குழுவும் வாசித்தது.

லண்டன் காலிங்

இரண்டாம் தொகுப்பான ‘கிவ் எம் எனஃப் ரோப்’ 1978 நவம்பரில் வெளிவந்து பிரித்தானியாவில் 2 ஆம் இடத்தைப் பெற்றது. எனினும் குழுவின் உச்சமாகக் கருதப்படுவது 1979 டிசம்பரில் வெளிவந்த ‘லண்டன் காலிங்’ தொகுப்பே ஆகும். கை ஸ்டீவன்ஸ் தயாரித்த இதில் 19 பாடல்கள் உள்ளன. பங்க், ரெகே, ஸ்கா, ராக்கபில்லி, ஜாஸ் எனப் பல இசைவகைகள் இதில் கலந்துள்ளன. தலைப்புப் பாடல், அவ்வாண்டு மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்தையும், தேம்ஸ் ஆற்று வெள்ளத்தில் இலண்டன் மூழ்கலாம் என்ற அச்சத்தையும் நினைவூட்டுவது. சிமனன் எழுதிப் பாடிய ‘கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’, 1981 இல் பிரிக்ஸ்டனில் கலவரம் வெடிப்பதற்கு முன்பே அப்பகுதியின் கொதிநிலையைப் பதிவு செய்தது.

இது இரண்டு இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பு. ஆயினும் ஒரு தட்டின் விலைக்கே விற்கப்பட்டது. இதற்குக் குழு கையாண்ட வழி சுவையானது. முதலில், தொகுப்புடன் ஒரு சிறு தட்டை இலவசமாகச் சேர்க்க நிறுவனத்திடம் ஒப்புதல் பெற்றனர். பின்னர் அந்த இலவசத் தட்டிலேயே முழுத் தொகுப்புக்குரிய பாடல்களை நிரப்பிவிட்டனர். கையில் காசில்லாத இளைஞனும் வாங்க வேண்டும் என்பதே நோக்கம்.

இதன் முகப்புப் படமும் புகழ்பெற்றது. 1979 செப்டம்பரில் நியூயார்க் பலேடியம் அரங்கில், இரசிகர்களை இருக்கையை விட்டு எழ விடாத காவலாளிகளால் சினமுற்ற சிமனன், தம் பேஸ் கிதாரை மேடையில் ஓங்கி அடித்து உடைத்தார். அக்கணத்தைப் படமெடுத்த பென்னி சுமித், படம் தெளிவாக இல்லை என்று அதைத் தரத் தயங்கினார். ஸ்ட்ரம்மர் அதுவே வேண்டும் என்றார். எல்விஸ் பிரெஸ்லியின் 1956 ஆம் ஆண்டுத் தொகுப்பின் இளஞ்சிவப்பு, பச்சை எழுத்துகளை ஒத்த எழுத்துகளுடன் ரே லவுரி முகப்பை வடிவமைத்தார். அமெரிக்காவில் 1980 சனவரியில் வெளியானதால், ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் இதனை 1980-களின் தலைசிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது.

சாண்டினிஸ்டா

1980 டிசம்பரில் வெளிவந்த ‘சாண்டினிஸ்டா!’ மூன்று தட்டுகளும் 36 பாடல்களும் கொண்டது. 1979 இல் நிகரகுவா நாட்டில் சொமோசாவின் சர்வாதிகாரத்தை வீழ்த்திய இயக்கத்தின் பெயரே தலைப்பானது. இதையும் குறைந்த விலைக்கே விற்கவேண்டும் என்று குழு பிடிவாதமாக நின்றது. நிறுவனமோ இம்முறை இழப்பை ஏற்க முன்வரவில்லை. முடிவில், பிரித்தானியாவில் விற்கும் முதல் 2,00,000 படிகளுக்குரிய உரிமத்தொகையைக் குழு விட்டுக்கொடுத்தது. அதாவது, இரசிகர்களுக்குக் கிடைத்த விலைக்குறைப்பைக் கலைஞர்கள் தம் வருவாயிலிருந்து ஈடுசெய்தனர். கொள்கை என்பதற்கு இவர்கள் கொடுத்த விலை அது.

தொகுப்பு அளவுக்கு மீறி நீண்டது என்ற விமர்சனமும் எழுந்தது. எனினும் இதன் முதற்பாடலான ‘தி மேக்னிபிசன்ட் செவன்’, நியூயார்க்கில் அப்போது முளைத்துக்கொண்டிருந்த ராப் இசையை ஏற்ற தொடக்ககால ராக் பாடல்களுள் ஒன்று. அந்நகரின் கறுப்பின மக்களுக்கான வானொலியிலும் இது ஒலித்தது.

1981 இல் நியூயார்க் பாண்ட்ஸ் அரங்கில் எட்டு நிகழ்ச்சிகளுக்குத் திட்டமிடப்பட்டது. அரங்கின் கொள்ளளவை மீறிச் சீட்டுகள் விற்கப்பட்டதால், தீயணைப்புத் துறை தலையிட்டது. சீட்டு வாங்கிய யாரும் ஏமாறக்கூடாது என்று குழு 17 நிகழ்ச்சிகளை நடத்திக் கொடுத்தது. முன்நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்ட ராப் கலைஞர்களான கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினரை, அவ்விசைக்குப் பழகாத கூட்டத்தினர் கூச்சலிட்டு அவமதித்தனர். தங்கள் இரசிகர்களின் அச்செயலைக் குழுவினர் கண்டித்தனர்.

புகழும் பிளவும்

1982 மே மாதம் வெளிவந்த ‘காம்பாட் ராக்’ தொகுப்பே குழுவின் மிகப்பெரிய வணிக வெற்றி. இதிலுள்ள ‘ராக் த காஸ்பா’ அமெரிக்கப் பட்டியலில் 8 ஆம் இடத்தைப் பிடித்தது. அதன் மெட்டை அமைத்தவர் ஹெடன். பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றையும் அவரே வாசித்துப் பதிவு செய்திருந்தார். ஆனால் பாடல் வெற்றி பெற்றபோது அவர் குழுவில் இல்லை. ஹெராயின் பழக்கத்துக்கு அடிமையானதால், தொகுப்பு வெளிவந்த மாதத்திலேயே நீக்கப்பட்டுவிட்டார்.

1982 அக்டோபரில் நியூயார்க் ஷே விளையாட்டரங்கில் தி ஹூ குழுவுடன் கிளாஷ் மேடையேறியது. 1983 மே மாதம் கலிபோர்னியாவில் நடந்த ‘யு.எஸ்.’ இசைவிழாவில், ‘கிளாஷ் விற்பனைக்கு அல்ல’ என்னும் பதாகையின் முன்னே வாசித்தது. அன்றைய ஊதியமாக ஐந்து இலட்சம் டாலர் பேசப்பட்டிருந்தது. தொடக்க நாள் முதல் தொடர்ந்துவந்த முரண்பாடு அம்மேடையில் எல்லோருக்கும் தெரியும்படி நின்றது.

அதுவே ஜோன்ஸ் பங்கேற்ற இறுதி நிகழ்ச்சி. சில மாதங்களில் ஸ்ட்ரம்மரும் சிமனனும் அவரை நீக்கினர். புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு, 1984 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டினர். 1985 இல் மின்கருவிகள் ஏதுமின்றி வடக்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நகரங்களின் தெருக்களில் பாடினர். அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த ‘கட் த கிராப்’ தொகுப்பு வரவேற்பைப் பெறவில்லை. 1986 இன் தொடக்கத்தில் குழு கலைந்தது. ஹெடனையும் ஜோன்ஸையும் நீக்கியது தவறு என்று ஸ்ட்ரம்மர் பிற்காலத்தில் வருந்தினார்.

விமர்சனங்கள்

உழைக்கும் மக்களுக்காகப் பாடிய ஸ்ட்ரம்மர், அரசு அதிகாரியின் மகன் என்பதும் வசதியான பள்ளியில் படித்தவர் என்பதும் அடிக்கடி சுட்டிக்காட்டப்பட்டன. விக்டோரியா பூங்கா மேடையில் அவர் இத்தாலிய ஆயுதக் குழுவான செம்படைப் பிரிவின் பெயர் பொறித்த சட்டையை அணிந்தது கண்டனத்துக்குள்ளானது. போராட்டத்தை ஓர் அலங்காரமாக்கினார்கள் என்பதும் ஒரு குற்றச்சாட்டு.

பாடல்கள் எழுதியவர் கையை விட்டுச் சென்றதும் உண்டு. 1991 இல் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றில் இடம்பெற்ற பிறகே, ‘ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ’ பாடல் பிரித்தானியாவில் முதலிடத்தை எட்டியது. குழு இயங்கிய காலத்தில் எந்தப் பாடலும் அவ்விடத்தை அடைந்ததில்லை. இசைக்குத் தடைவிதிக்கும் ஆட்சியாளரைக் கேலி செய்து எழுதப்பட்ட ‘ராக் த காஸ்பா’, வளைகுடாப் போரின்போது அமெரிக்கப் படையினரின் விருப்பப் பாடலாகியது. போரை எதிர்த்த ஸ்ட்ரம்மருக்கு இது பெரும் மனவேதனையை அளித்தது.

இறுதிச் சந்திப்பு

2002 நவம்பர் 15 அன்று, ஊதிய உயர்வு கேட்டுப் போராடிய தீயணைப்பு வீரர்களின் சங்கத்துக்கு நிதி திரட்ட, இலண்டன் ஆக்டன் நகர மண்டபத்தில் ஸ்ட்ரம்மர் பாடினார். கூட்டத்தில் அமர்ந்திருந்த மிக் ஜோன்ஸ் யாரும் எதிர்பாராமல் மேடையேறி அவருடன் கிதார் வாசித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் இருவரும் ஒரே மேடையில் நின்றது அன்றுதான். அடுத்த மாதம் 22 ஆம் நாள், பிறவியிலேயே இருந்து கண்டறியப்படாத இதயக் குறைபாட்டால் ஸ்ட்ரம்மர் தம் 50 ஆம் வயதில் காலமானார். 2003 மார்ச்சில் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் குழு சேர்க்கப்பட்டது.

தாக்கம்

பில்லி பிராக், அயர்லாந்தின் யு2, அமெரிக்காவின் ரான்சிட், பிரான்சின் மனு சாவ் உள்ளிட்ட பலர் கிளாஷ் குழுவால் ஊக்கம் பெற்றவர்கள். ‘பப்ளிக் எனிமி’ என்னும் அமெரிக்க ராப் குழுவின் சக் டி, 2019 இல் கிளாஷ் வரலாற்றைச் சொல்லும் ஒலித்தொடருக்குக் குரல் கொடுத்தார். அதே ஆண்டில், ‘லண்டன் காலிங்’ வெளிவந்த நாற்பதாம் ஆண்டையொட்டி, சிமனன் உடைத்த பேஸ் கிதார் இலண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

குழுவின் தாக்கத்தை உணர்த்த இரண்டு பாடல்கள் போதும். அல்சீரியாவில் பிறந்து பிரான்சில் குடியேறிய பாடகர் ரஷீத் தாஹா, ‘ராக் த காஸ்பா’ பாடலை 2004 இல் அரபு மொழியில் பாடி வெளியிட்டார். போர்ப் பாடலாக்கப்பட்ட ஒன்றை அரபுக் குரலே மீட்டெடுத்தது.

மற்றொன்று தமிழருடன் தொடர்புடையது. ‘காம்பாட் ராக்’ தொகுப்பிலுள்ள ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ என்னும் பாடல், இங்கிலாந்தில் வரவேற்பில்லாத குடியேறிகளையும், வியட்நாமில் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற குழந்தைகளையும் பற்றியது. அதன் இசைத்துணுக்கை எடுத்து, ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலை உருவாக்கியவர் எம்.ஐ.ஏ. என அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரின் காரணமாக மீண்டும் இலண்டனுக்கு ஏதிலியாகச் சென்றவர் அவர். குடியேறி என்றாலே குற்றவாளி என்று ஐயுறும் மனப்போக்கை எள்ளி நகையாடும் இப்பாடல், 2007 இல் அவருடைய ‘கலா’ தொகுப்பில் வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்கப் பட்டியலில் 4 ஆம் இடத்தை எட்டியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ திரைப்படத்திலும் இடம்பெற்றது. பாடலாசிரியர்கள் வரிசையில் கிளாஷ் குழுவின் நால்வர் பெயரும் உள்ளன.

கிளாஷ் குழு இசைத்தட்டு வணிகத்தை வென்றுவிடவில்லை. அதற்குள் இருந்துகொண்டே, சில நேரம் தோற்றும் சில நேரம் தம் கைப்பொருளை இழந்தும், தாங்கள் சொன்னதைச் செய்ய முயன்றது. குடியேறிகளைப் பற்றி வெள்ளையின இளைஞர் நால்வர் பாடிய பாட்டின் இசையை, கால் நூற்றாண்டுக்குப் பின் ஏதிலியாக வந்த ஒரு பெண்ணே எடுத்துத் தன் கதையைச் சொன்னது அம்முயற்சியின் பயனாகும்.

முதன்மை இசைத்தொகுப்புகள்

- தி கிளாஷ் (1977)
- கிவ் எம் எனஃப் ரோப் (1978)
- லண்டன் காலிங் (1979)
- சாண்டினிஸ்டா! (1980)
- காம்பாட் ராக் (1982)
- கட் த கிராப் (1985)